பாஸ்கெட்பால்ல டிரிபிள் (பால தரையில தட்டிட்டே போறது) பழக வாங்குன வெயிட் பால் எப்படி இருக்கு?

2024ல அமெரிக்க பாஸ்கெட்பால் வீராங்கனை கெய்ட்லின் கிளார்க்கோட அயோவா டீம் சவுத் கரோலினா கூட ஆடுன பெண்கள் காலேஜ் ஃபைனல பாத்ததுல இருந்து பைத்தியம் புடிச்சிருச்சு, எனக்கு மட்டும் இல்லங்க, அமெரிக்கால அந்த மேட்ச சராசரியா 1.8 கோடி பேருக்கு மேல பாத்திருக்காங்க, அந்த வருஷ ஆண்கள் ஃபைனலவிட ஜாஸ்தி. எல்லாரும் கிளார்க் தூரத்துல இருந்து போடுற ஷாட்ட பத்தியே பேசுறாங்க, ஆனா டிரிபிள் பண்ணிட்டே வந்து டக்குனு பின்னாடி போயி இடம் உண்டாக்குறாங்களே, நான் அதுலதான் விழுந்தேன்.

அதான் வெயிட் பால் ஒண்ணு வாங்கினேன். சாதாரண 7ம் நம்பர் பால் 620 கிராம் பக்கம் வரும், இது 1.3 கிலோவுக்கு மேல. சரியா எழும்பவே எழும்பாது, ஓங்கி தட்டுனாதான் கைக்கு திரும்பி வரும், முதல் வாரம் மணிக்கட்டு செம வலி. ஆனா 10 நிமிஷம் இத தட்டிட்டு உடனே நார்மல் பால எடுத்தா பஞ்சு மாதிரி இருக்கு, கிராஸ்ஓவர் (பால ஒரு கைல இருந்து இன்னொரு கைக்கு மாத்தி தட்டுறது) போடும்போது குனிஞ்சு பாக்குற பழக்கமும் கொஞ்சம் கொறஞ்சிருக்கு.

குறைன்னா மேல இருக்குற கிரிப் ரெண்டே மாசத்துல வழவழன்னு ஆயிருச்சு, காத்தும் அடிக்கடி இறங்குது. இத வச்சு ஷாட் மட்டும் போடாதீங்க, ஃபார்ம் கெட்டுரும். பொண்ணுங்க ஆடுறது 6ம் நம்பர் பால், அதனால சைஸ் பாத்து ஆர்டர் போடுங்க. 5க்கு மூணரை குடுப்பேன்.