241ஆ, 575ஆ, ஜான் டீரா? பழைய டிராக்டர் தேடி அலைந்த கதை

போன வருஷம் சம்பா நடவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பழைய டிராக்டர் வாங்கினேன். திண்டிவனம் பக்கம் நாலு ஏக்கர் நஞ்சை, ஆறு ஏக்கர் புஞ்சை. நெல், மல்லாட்டை (நிலக்கடலை), ஊடே உளுந்து. வாடகை வண்டி இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருந்தே இரண்டு போகம் நாற்று முற்றிப்போனது. கையில் இருந்தது நாலு லட்சம். அந்தப் பணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய 40–45 எச்.பி. வண்டிதான் கிடைக்கும். சுற்றிப் பார்த்ததில் மூன்று பெயர்கள் நின்றன: மாசி ஃபெர்குசன் 241, மஹிந்திரா 575, ஜான் டீர் 5045. நான் எடுத்தது மாசி. அதனால் என் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இழுவையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. 241க்கு மூன்று சிலிண்டர், 42 எச்.பி.; 575க்கு நான்கு சிலிண்டர், 45 எச்.பி.; 5045க்கு மூன்று சிலிண்டர், 45 எச்.பி. மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ஐந்தடி ரோட்டாவேட்டரை மூன்றுமே இழுக்கும். பத்து ஏக்கர்க்காரனுக்கு மூன்று எச்.பி. கூடினால் என்ன, குறைந்தால் என்ன. டீசல் கணக்கும் வண்டியைவிட ஓட்டுகிறவன் கையில்தான் இருக்கிறது.

575ஐக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. மாமா வீட்டில் ஒன்று வெகுகாலமாக ஓடுகிறது. நான்கு சிலிண்டர் என்பதால் ஓட்டம் மிருது. பாரம் ஏற்றிய டிரெய்லரை மேட்டில் இழுக்கும்போது அதன் அருமை தெரியும். விலைக்கு நான் பார்த்த மூன்று 575உம் கரும்பு லோடு அடித்தவை. டிரெய்லர் மாட்டும் பின் வாயைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருக்கும். அப்படி உழைத்த வண்டிக்கு இன்ஜின் வேலை வந்தால் லைனரும் பிஸ்டனும் மூன்றுக்குப் பதில் நான்கு செட். கழனியிலேயே கிடந்த 575 ஒன்று நல்ல விலைக்கு அகப்பட்டிருந்தால் ஒருவேளை இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஜான் டீர் ஓட்ட சுகம். கியர் விழுவது வெண்ணெய் மாதிரி. பிரேக் எண்ணெய்க்குள் மூழ்கி இருப்பதால் சேற்றில் இறங்கி ஏறினாலும் பிடிப்பு மாறாது. பழைய 241, 575களில் பலவற்றுக்கு உலர் பிரேக்தான். சகலை வண்டியை ஒரு நவரைப் போகம் முழுக்க ஓட்டினேன், சாயங்காலம் இடுப்பு வலிக்கவில்லை. ஆனால் ஒரு போகம் ஓட்டியவன் பத்து வருஷப் பராமரிப்புக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அதே வருஷத்து மாடலுக்கு ஐம்பதாயிரம் கூடக் கேட்டார்கள், எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளிடம் கேட்டால், "ஷோரூமுக்கே கொண்டு போயிடு தம்பி" என்றார்கள்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை மாசி பக்கம் தள்ளியது. புது வண்டி வாங்குகிறவனுக்கு வாரண்டி இருக்கிறது. பழைய வண்டி வாங்குகிறவன் ரிப்பேரையும் சேர்த்தே வாங்குகிறான். அது எப்போது வரும் என்பது அவன் கையில் இல்லை. வந்தால் யார் பிரிப்பார்கள், சாமான் எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். மாசி டிராக்டரைச் செய்யும் டாஃபே சென்னைக் கம்பெனி, 1960இல் தொடங்கியது. 241க்குள் இருக்கும் சிம்சன் இன்ஜினும் சென்னைதான். நம் ஊர் மெக்கானிக்குகளில் பலர் பையன் வயதில் முதன்முதலாகப் பிரித்தது இந்த வண்டியைத்தான்.

வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சேடை (நடவுக்கு முன் சேறு கலக்கும் உழவு) ஓட்டிக்கொண்டிருந்தேன், சேற்றுக்கான இரும்புச் சக்கரம், கேஜ் வீல், மாட்டியிருந்தது. கியர் விழுகிறது, இன்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை. கருகின வாடை. கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த தட்டு அது, தேயத்தான் செய்யும். பக்கத்துக் கழனி வண்டியை வைத்து இழுத்துக் கரையேற்றினோம். பத்து மணிக்கு மெக்கானிக் அண்ணன் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் சாவிப் பெட்டியோடு வந்தார். "வேற வழியில்ல, பிளந்துடலாம். நீ திண்டிவனம் போயி தட்டு வாங்கியா" என்றார்.

டிராக்டரில் கிளட்ச் மாற்ற வண்டியையே நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் வேலையாக முன் அச்சுக்கு மேலே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்தார். அடிக்காவிட்டால் பிரித்ததும் இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அப்புறம் அடியில் ஜாக்கி, கட்டை, சுற்றிலும் போல்ட். நான் கடைக்குப் போய்ப் பழைய தட்டை மேசையில் வைத்தேன். கடைக்காரர் மாடல் வருஷம் கேட்கவில்லை. நடுத்துளையில் இருக்கும் பல்லை விரலால் எண்ணினார், திரும்பி அலமாரியிலிருந்து எடுத்தார். திரும்பி வந்தபோது வேப்பமர நிழலில் என் வண்டி இரண்டு துண்டாக நின்றது. பார்க்க வயிறு கலங்கியது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒட்டி ஸ்டார்ட் செய்துவிட்டார். மறுநாள் காலை மிச்சச் சேடையை முடித்தேன். இந்த முறை நாற்று முற்றும்வரை காத்திருக்க வேண்டி வரவில்லை.

சாமான் எல்லாக் கடையிலும் கிடைப்பதில் ஒரு தொல்லையும் உண்டு. டூப்ளிகேட்டும் எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஃபில்டரும் ஆயில் சீலும் வாங்கும்போது பாதி விலையைப் பார்த்து மயங்காதீர்கள்.

241தான் என்று முடிவு செய்தாலும் டூயல் கிளட்ச் வண்டியாகத் தேடுங்கள். சிங்கிள் கிளட்ச்சில் மிதித்தால் சக்கரத்தோடு ரோட்டாவேட்டரும் நின்றுவிடும். ஒவ்வொரு திருப்பத்திலும் எரிச்சல்.

எந்தப் பெயரானாலும் காலையில் சொல்லாமல் போய் நில்லுங்கள். பானட்டைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால் நமக்காக ஏற்கெனவே ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் இன்ஜின் வேலை பக்கத்தில் வந்துவிட்டது. ரோட்டாவேட்டரைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடியுங்கள். டீ முடிவதற்குள் அது தரையைத் தொட்டுவிட்டால் ஹைட்ராலிக்கில் கசிவு. கியர் பெட்டி எண்ணெயையும் கட்டாயம் பாருங்கள். நான் முதலில் பார்த்த வண்டியில் (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்) குச்சியை உருவினால் பால் விட்ட டீ நிறத்தில் வந்தது. சேற்றுத் தண்ணீர் சீல் வழியாக உள்ளே போயிருக்கிறது. "அது அப்பிடித்தான் இருக்கும்ண்ணே" என்றான் தரகன்.

மறுவிற்பனையைப் பொறுத்தவரை எங்கள் வட்டாரத்தில் மாசியும் மஹிந்திராவும் சுலபமாகக் கைமாறுகின்றன. ஜான் டீருக்கும் ஆள் வருகிறது. இதை வைத்து முடிவெடுக்கும் அளவுக்கு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

காகிதத்தில் மட்டும் கவனம். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) கடன் கொடுத்த ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அவர்களிடமிருந்து என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), கடன் முடிந்தது என்று கையெழுத்துப் போட்ட 35ஆம் படிவமும் வந்த பிறகு பாக்கிப் பணம் கொடுங்கள். பெயர் மாற்ற 29, 30 ஆகிய படிவங்கள். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வண்டியோடு சேர்த்து வாங்கிய டிரெய்லர் மாட்டுக் கொட்டகை ஓரமாக நிற்கிறது. அதன் ஆர்.சி. முதல் சொந்தக்காரரிடம் இருக்கிறதாம். அவர் ஊரைத் தேடி இரண்டு முறை போய் வந்துவிட்டேன். பொங்கலுக்கு ஊருக்கு வருவார் என்கிறார்கள்.