கேஸ் ஃபயர்பிளேஸ் இன்சர்ட்: பல குளிர்காலம் பார்த்த பிறகு

டொரோண்டோவின் ஸ்கார்பரோவில் எங்களுடையது பழைய வீடு. ஹாலில் விறகு எரிக்கிற செங்கல் ஃபயர்பிளேஸ் இருந்தது. பார்க்க அழகுதான், ஆனால் தீ மூட்டினால் அறையின் சூட்டையெல்லாம் புகைபோக்கி இழுத்துக்கொண்டு போய்விடும், மூட்டாத நாளில் அதே வழியாகக் குளிர் இறங்கும். அதற்குள் கேஸ் இன்சர்ட், அதாவது பழைய ஃபயர்பிளேஸின் குழிக்குள் பொருத்துகிற கேஸ் ஹீட்டர், வைத்துப் பல குளிர்காலம் ஆகிவிட்டது. வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் சொல்வது, இது அறையைச் சூடாக்கும், முழு வீட்டையும் அல்ல.

எங்களுடையது டைரக்ட் வென்ட் வகை, மணிக்கு 30,000 பிடியூ (சூட்டை அளக்கும் அலகு). முன்பக்கம் கண்ணாடி இறுக மூடியிருக்கும், புகைபோக்கிக்குள் இரண்டு அலுமினியக் குழாய்கள், ஒன்று வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும், மற்றது எரிந்த வாயுவை வெளியேற்றும். ஹாலும் சாப்பாட்டு அறையும் நன்றாகவே சூடாகிவிடும். மாடியில்தான் சிக்கல். முழு வீட்டையும் சூடாக்குகிற ஃபர்னஸின் தெர்மோஸ்டாட் ஹால் சுவரில் இருந்ததால், ஹால் சூடானதும் ஃபர்னஸ் நின்றுவிடும், மேலே பிள்ளைகள் போர்வைக்குள் சுருண்டு கிடப்பார்கள். மாடியில் ஒரு சென்சார் வைத்து, ஃபர்னஸ் அதைப் பார்த்து ஓடும்படி செய்த பிறகுதான் சரியானது. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, கரண்ட் இல்லாமலும் எரிவது. 2013 டிசம்பரில் டொரோண்டோவில் உறைமழை பெய்து லட்சக்கணக்கானோர் இருட்டிலும் குளிரிலும் கிடந்ததை மறக்க முடியுமா? பைலட் என்கிற சின்னச் சுடர் எப்போதும் எரிகிற மில்லிவோல்ட் வகையில், அந்தச் சுடரின் சூட்டிலிருந்தே தெர்மோபைல் என்கிற சின்னக் கருவி அரை வோல்ட் அளவுக்கு மின்சாரம் எடுத்து கேஸ் வால்வைத் திறந்துவிடும். சூட்டை அறைக்குள் தள்ளுகிற ஃபேன் மட்டும் ஓடாது, சூடு பரவுவது குறையும், பரவாயில்லை. கரண்டால் பற்றவைக்கிற எலக்ட்ரானிக் இக்னிஷன் வகை வாங்கினால் பேட்டரி பேக்கப் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

கண்ணாடியில் வெள்ளையாக ஒரு படிவு வரும். நன்றாக ஆறிய பிறகு, அம்மோனியா இல்லாத கிளீனரால்தான் துடைக்க வேண்டும். எரியும்போது அந்தக் கண்ணாடி கையைப் பொசுக்கிவிடும், சின்னப் பிள்ளைகள் இருந்தால் முன்னால் உள்ள வலையைத் தயவுசெய்து கழற்றாதீர்கள். ஃபேனில் தூசி சேர்ந்தால் உறுமும். வருடம் ஒருமுறை லைசென்ஸ் உள்ள கேஸ் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள், படுக்கையறைகள் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம், ஒன்டாரியோவில் அது சட்டமும்கூட.

கோடையில் பைலட்டை அணைத்துவிடுகிறோம், வீணாகக் கேஸ் போகாது. அப்புறம் அக்டோபரில் பற்றவைக்கும்போது குழாயில் காற்று நிற்பதால் உடனே பிடிக்காது, குமிழை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் பொறுக்க வேண்டும், சுடர் வந்த பிறகும் அரை நிமிடம் கையை எடுக்கக் கூடாது.