ஹவ்ர்ஸ்: குதிரைப் பயிற்சிக்குத் தனியாக ஒரு ஷீட் வைத்திருப்பது பற்றி

ஹவ்ர்ஸ் (Howrse) என்ற குதிரை வளர்ப்பு விளையாட்டில் குதிரைப் பயிற்சியைத் தனி ஷீட் (எக்ஸெல் மாதிரி ஓர் அட்டவணை) போட்டுக் கண்காணிக்க வேண்டுமா? ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவருக்கு வேண்டாம். லாயத்தில் கூட்டம் சேர்ந்து, எது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் நிலை வந்தால் கட்டாயம் வேண்டும். ரொம்ப காலமாக நான் இப்படித்தான் விளையாடுகிறேன்.

பிரான்சில் 2005-இல் எக்விடியோ என்ற பெயரில் தொடங்கிய பிரவுசர் விளையாட்டு இது. நடத்திவந்த ஓவ்லியன்ட் நிறுவனத்தை 2011-இல் யூபிசாஃப்ட் வாங்கியது. கிராபிக்ஸ் எதிர்பார்த்து வருகிறவர்கள் இரண்டு நாளில் கிளம்பிவிடுவார்கள். இதன் ருசி எண்களில் இருக்கிறது. ஸ்டாமினா, ஸ்பீட், டிரஸாஜ் (சொன்னபடி ஒழுங்காக நடப்பது), கேலப் (நாலுகால் பாய்ச்சல்), டிராட் (துள்ளுநடை), ஜம்பிங் என்று ஆறு திறன்கள். பயிற்சி, சவாரி, போட்டி மூன்றும் அவற்றை ஏற்றும். ஒவ்வொன்றுக்கும் குதிரையின் எனர்ஜி செலவாகும், பகல் நேரமும் செலவாகும். எனர்ஜி தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

புதிதாகக் கணக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆறு திறன்களையும் கூட்டி, மொத்தம் எவ்வளவு ஏறியது என்று பார்க்கிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. ஒரு குதிரை இன்று எவ்வளவு ஏறியது என்பதைவிட, எந்தத் திறனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்பதுதான் நாளைக் காலை என்ன செய்வது என்று சொல்லும். என் ஷீட்டில் ஒரு காலத்தில் தினசரி ஏற்றம், சவாரிக் கணக்கு, தீவனம் எல்லாம் இருந்தன. இப்போது மிஞ்சியிருப்பவை வயது, ஆறு திறன்களிலும் பாக்கி, போட்டி வெற்றிகள், ஒரு குறிப்பு. பயிற்சி முழுவதும் முடிந்த திறனை விளையாட்டே தடித்த எழுத்தில் காட்டிவிடும். ஷீட்டிலும் அந்தக் கட்டத்தைச் சாம்பல் நிறமாக்கிவிட்டு மறந்துவிடலாம்.

வயதை ஏன் முதல் கட்டத்தில் வைக்கிறேன் என்றால், நாள்தான் இங்கே உண்மையான செலாவணி. நிஜ வாழ்க்கையின் ஒரு நாள் குதிரைக்கு இரண்டு மாதம். ஆக, பிறந்ததிலிருந்து 10 வயது ஆக 60 நாள். வயதுப் புள்ளி (குதிரையின் வயதை உடனே கூட்டும் புள்ளி) போட்டு இதைச் சுருக்கலாம். ஆனால் புள்ளி போட்டுத் தாண்டுகிற ஒவ்வொரு இரண்டு மாதமும் பயிற்சி கொடுத்திருக்கக்கூடிய ஒரு நாள்தான். பாக்கி நிறைய உள்ள குதிரைக்கு வயதுப் புள்ளி போடுவது வீண் என்பது என் கருத்து. பயிற்சி முடிந்து, 10 வயதுக்காகச் சும்மா காத்திருக்கிற குதிரைக்குத் தாராளமாகப் போடலாம். பாக்கியும் வயதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இந்த முடிவு ஒரு பார்வையில் வந்துவிடுகிறது.

இந்த 10 வயது எதற்கு என்றால் பிளப்புக்கு (BLUP), அதாவது இனவிருத்திக்குக் குதிரை எவ்வளவு தேறியது என்று விளையாட்டு காட்டும் எண்ணுக்கு. குட்டி பிறக்கும்போது பிளப் -100. அது 100-ஐத் தொட, 10 வயது ஆகியிருக்க வேண்டும், பயிற்சி முடிந்திருக்க வேண்டும், 20 போட்டிகளில் வென்றிருக்க வேண்டும். முதல் இரண்டும் பொறுமை இருந்தால் நடந்துவிடும். இழுத்தடிப்பது மூன்றாவதுதான். நேற்று ஜெயித்த போட்டியில் இன்று நம்மைவிடத் தேறிய குதிரைகள் வந்து நிற்கும். தோற்றாலும் எனர்ஜி போனது போனதுதான்.

இங்கேதான் ஷீட் நிஜமாகவே உழைக்கிறது. ஒவ்வொரு வகைப் போட்டியும் மூன்று திறன்களைத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு இனத்துக்கும் இயல்பாகவே தூக்கலாக இருக்கும் திறன்கள் உண்டு. அவற்றை முதலில் முடித்துவிட்டு, அவற்றுக்குப் பொருந்துகிற போட்டி வகையில் மட்டும் ஓடவிட்டால், பயிற்சி முழுசாக முடிவதற்கு முன்பே வெற்றிகள் சேரத் தொடங்கும். மற்ற திறன்களை அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். எல்லாத் திறன்களையும் சரிசமமாக ஏற்றுகிற பாணியும் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. எந்தப் போட்டிக்கும் தயாராகாத குதிரையை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். குறிப்புக் கட்டத்தில் நான் எழுதுவது எந்த வகையில் ஜெயிக்கிறது, எதில் தொடர்ந்து பின்தங்குகிறது என்பது மட்டும்தான். குதிரை எந்தப் பாணிப் போட்டிகளில் ஓடும், கிளாசிக்கா வெஸ்டர்னா என்ற தேர்வைப் பிறகு மாற்ற முடியாது, அதனால் அதையும் அங்கேயே எழுதிவிடுவேன்.

பிளப் என்பது விளையாட்டுக்காக இட்டுக்கட்டிய பெயர் இல்லை. கால்நடை இனவிருத்தியில் சார்லஸ் ஹெண்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி உருவாக்கிய புள்ளியியல் முறை அது. நிஜக் குதிரை வளர்ப்பிலும் பயன்படுகிறது. அங்கே அதன் வேலை இதுதான்: பயிற்சி, சூழல் போன்றவற்றின் பங்கை விலக்கிவிட்டு, மரபு எவ்வளவு என்று மதிப்பிடுவது. விளையாட்டில் நேர் எதிர்: பயிற்சி கொடுக்கக் கொடுக்கத்தான் பிளப் ஏறுகிறது. நிஜ இனவிருத்தி தெரிந்தவர் யாராவது பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். விளையாட்டுக்கு இதுதான் சரி, இல்லாவிட்டால் குதிரையைத் தினமும் வந்து பார்க்க யாருக்கும் காரணம் இருக்காது.

குட்டியின் மரபுத் திறனைத் தீர்மானிப்பதில் பெற்றோரின் மரபுத் திறனோடு பிளப்பும் சேர்கிறது. அதனால் பாக்கி இருக்கிற குதிரையை அவசரப்பட்டு இணைசேர்த்தால் அந்தக் குறை அடுத்த தலைமுறைக்கும் போகும். தாய், தந்தை பெயரையும் இணைசேர்த்தபோது அவற்றுக்கு இருந்த பிளப்பையும் வேறொரு தாளில் வைத்திருக்கிறேன். பயிற்சித் தாளோடு கலந்தால் இரண்டும் படிக்க முடியாமல் போகிறது.

எழுதும் நேரம் பற்றி ஒரு விஷயம். ஒவ்வொரு பயிற்சிக்கும் நடுவே ஷீட்டுக்குத் தாவினால் விளையாட்டு அலுவலக வேலை மாதிரி ஆகிவிடும். குதிரையைத் தூங்க வைத்த பிறகு ஒரே முறை எழுதினால் போதும். அதுவும் எண் மாறிய கட்டத்தை மட்டும். போனிலிருந்து எழுதுகிறவர்கள் பெயர்க் கட்டத்தையும் தலைப்பு வரிசையையும் நகராமல் நிறுத்திவைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரிப் பெயர் வைத்த குதிரைகள் இருந்தால் பெயரோடு பிறந்த தேதியையும் சேர்த்துவிடுங்கள்.