கத்தியை அடுத்தவர் கையில் கொடுக்கக் கற்பது: மூத்த சர்ஜன்களுக்கு எந்தப் பயிற்சி உதவும்?

மார்புக்குள் சேர்ந்த காற்றையோ திரவத்தையோ வெளியேற்றும் ஐ.சி.டி. குழாயைப் போடுவது எப்படி என்று முதலாண்டு பி.ஜி. மாணவி ஒருவர் என்னிடம் கேட்டார். பல நூறு முறை போட்டவன் நான். ஐந்தாவது விலா இடைவெளி, கீறல், ஃபோர்செப்ஸால் தசையைப் பிரிப்பது, விரல், குழாய், தையல் என்று அரை நிமிடத்தில் சொல்லி முடித்தேன். மறுநாள் இரவு அவர் போட்ட குழாய் தோலுக்கடியிலேயே ஏறிவிட்டது. டியூட்டியில் இருந்த உதவிப் பேராசிரியர் உடனே பார்த்துச் சரிசெய்தார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டித்தான் நுழைய வேண்டும், மார்புச் சுவரின் உள்பக்கச் சவ்வான ப்ளூரா வழிவிடும்போது கைக்கு அது தெரியும், உள்ளே விட்ட விரலை ஒட்டியே குழாய் போக வேண்டும் என்பதில் எதையுமே நான் சொல்லியிருக்கவில்லை. என் கை செய்வது எனக்கே மறந்துபோயிருந்தது.

என் ஒருவன் குறை அல்ல இது. கைதேர்ந்த சர்ஜன்களிடம் ஒரு சிகிச்சையைப் படிப்படியாக விவரிக்கச் சொல்லி ஆராய்ந்தவர்கள், அவர்கள் பெரும் பகுதிப் படிகளையும் முடிவுகளையும் சொல்லாமலே விடுகிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். அனுபவம் கூடக்கூட இந்த இடைவெளியும் கூடும். அதனால்தான் இருபது வருட அனுபவம் உள்ளவருக்கும் கற்பிக்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்கிறேன். அதற்கு இன்று நம் முன் இருக்கும் வழிகளில் எது ஆபரேஷன் தியேட்டருக்குள் உண்மையில் மாற்றம் கொண்டுவருகிறது என்பதுதான் கேள்வி.

கட்டாயப் பட்டறை

இந்தியாவில் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்தது, தேசிய மருத்துவ ஆணையத்தின் அடிப்படை மருத்துவக் கல்விப் பயிற்சி. மூன்று நாள். கற்றல் நோக்கங்களை எழுதுவது, வினாத்தாள் அமைப்பது, மாணவர்கள் பல மேசைகளில் ஒவ்வொன்றாகச் செய்து காட்டும் ஆஸ்கி தேர்வு நடத்துவது, சக ஆசிரியர்கள் முன் சில நிமிடம் பாடம் எடுத்துக் காட்டுவது எல்லாம் அதில் உண்டு. இந்த மரபு நம் பக்கத்தில் புதிதும் அல்ல. புதுச்சேரி ஜிப்மரில் 1970-களிலேயே தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் வந்துவிட்டது.

என் கேள்வித்தாள்கள் மாறியது இந்தப் பட்டறையால்தான். ஆனால் அனாடமி, சமூக மருத்துவம், அறுவை எல்லாம் ஒரே ஹாலில் உட்காரும் இடத்தில், ரத்தம் கசியும்போது பி.ஜி. கையிலிருந்து கருவியை எப்போது வாங்குவது, எப்போது பொறுத்திருப்பது என்ற பேச்சு வருவதே இல்லை. பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவை என்பதால் வந்து உட்காருகிறவர்களும் பலர்.

நான்கு படி முறை

இரண்டாவது வழி கைத்திறனை நேராகத் தொடுகிறது. லண்டனில் உள்ள ராயல் சர்ஜன்கள் கல்லூரி, பயிற்சியாளர்களைப் பயிற்றுவிக்க வகுப்புகள் நடத்திவருகிறது. இத்தகைய வகுப்புகளில் பரவலாகச் சொல்லித்தரப்படுவது பெய்ட்டன் என்ற சர்ஜன் 1998-இல் எழுதிய நான்கு படிகள். முதலில் ஆசிரியர் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்து காட்டுவார். பிறகு ஒவ்வொன்றையும் விளக்கி மெதுவாகச் செய்வார். மூன்றாவதில் மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். நான்காவதில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்வார்.

உயிர்நாடி அந்த மூன்றாம் படி. மாணவர் சொல்லாததைச் செய்யக் கூடாது என்று ஆசிரியர் உறுதியாக இருந்தால், விட்டுப்போன படி அங்கேயே வெளிப்படும். அன்று நானும் அந்த மாணவியைச் சொல்லவைத்து, அவர் சொன்னதை மட்டும் செய்திருந்தால், விலா எலும்பின் விளிம்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை என்பது இரவு டியூட்டிக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இதன் எல்லையும் தெளிவு. முடிச்சுப் போடுவது, ஐ.சி.டி., லேப்ராஸ்கோப்பியில் கருவி நுழைய முதல் போர்ட் வைப்பது போன்ற துண்டு வேலைகளுக்குப் பொருந்தும். மூன்று மணி நேரக் குடல் அறுவையை நான்கு முறை செய்து காட்ட முடியாது.

டேபிள் பக்கத்தில் நின்று பயிற்சி: லாப்கோ

நான் அதிகம் நம்புவது இதைத்தான். பெருங்குடல் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழி அறுவை, செய்யலாம் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2006-இல் பரிந்துரைத்தபோது, அதைச் செய்யத் தெரிந்த சர்ஜன்கள் அங்கே போதவில்லை. ஏற்கெனவே கன்சல்டன்ட்டாக, அதாவது மூத்த சர்ஜனாக, இருந்தவர்களுக்கே புதிதாகச் சொல்லித்தர லாப்கோ என்ற தேசியத் திட்டம் வந்தது. சொல்லித்தந்தவர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் நன்றாக ஆபரேஷன் செய்வது ஒரு திறமை, நன்றாகச் சொல்லித்தருவது வேறொன்று என்பது அங்கே தெரிந்தது. பயிற்சியாளர்களுக்கென்றே இரண்டு நாள் வகுப்பை உருவாக்கினார்கள். அமெரிக்க லேப்ராஸ்கோப்பி சர்ஜன்களின் சங்கமான சேஜஸும் பிறகு அதை எடுத்துக்கொண்டது.

அதன் எலும்புக்கூடு மூன்று பகுதி. தொடங்கும் முன் இன்றைய கேஸில் பி.ஜி. எதைச் செய்வார், நான் எப்போது கையில் வாங்குவேன் என்று பேசி முடித்துக்கொள்வது முதல் பகுதி. முடிந்தபின் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு பேசுவது கடைசிப் பகுதி. நடுவில்தான் சாரம் இருக்கிறது: சிக்கல் வந்தால் கையை நிறுத்தச் சொல், என்ன சிக்கல் என்று கண்டுபிடி, விளக்கு, முறையாகச் சொல்லிக்கொடு, புரிந்ததா என்று கேள், பிறகு தொடரவிடு.

நம் தியேட்டரில் நடப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'அங்க இல்லப்பா, கொஞ்சம் மேல, இன்னும் மேல, சரி, விடு, குடு இங்க.' பி.ஜி.யின் கை ஓடிக்கொண்டே இருக்கும்போது நாம் பேசுகிறோம். அவர் காதில் பாதிகூட ஏறுவதில்லை. கருவியை அசைக்காமல் வைத்துக்கொண்டு பத்து விநாடி பேசுவது நேரத்தை இழுப்பதுபோலத் தோன்றும். என் அனுபவத்தில் அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

இந்த வகுப்பின் இன்னொரு சிறப்பு, பயிற்சியாளர் கற்பிப்பதை இன்னொருவர் கவனித்து மதிப்பிடுகிறார் என்பது. அதற்கென்று தனி மதிப்பீட்டுப் படிவமே உண்டு. நம் நாட்டில் பி.ஜி.க்குத் தேர்வு உண்டு. தியேட்டரில் சொல்லித்தரும் சீஃபை யாரும் மதிப்பிடுவதில்லை. குறை என்றால் செலவும் ஆளும்தான். பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர் வேண்டும், ஒரு கேஸ் முழுக்க அவர் நிற்க வேண்டும். தினமும் பட்டியல் நிரம்பி வழியும் அரசு மருத்துவமனையில் எளிதல்ல.

சக சர்ஜனின் கண்

அமெரிக்க சர்ஜனும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே 2011-இல் எழுதிய அனுபவம் பலருக்குத் தெரிந்திருக்கும். ஓய்வுபெற்ற தன் ஆசிரியர் ராபர்ட் ஆஸ்டீனைத் தன் தைராய்டு ஆபரேஷனைப் பார்க்க அழைத்தார். ஆஸ்டீன் கண்டவற்றில் ஒன்று: நோயாளியின் மேல் துணி போர்த்தியிருந்த விதம் கவாண்டேக்கு வசதியாக இருந்தது, ஆனால் எதிரே நின்ற உதவியாளரையும் பக்கத்தில் நின்ற மாணவரையும் ஒதுக்கிவிட்டது. எத்தனை வருடம் செய்தாலும் அது நம் கண்ணுக்குத் தெரியாது.

பணச்செலவு இல்லாத வழி இது. ஆனால் ஒரு யூனிட் சீஃப் தன் தியேட்டருக்குள் இன்னொரு சீஃபை வரவழைத்து 'என்னைப் பாருங்கள் சார்' என்று சொல்வது நம்மிடம் எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். கேட்க நானே பல மாதம் தயங்கினேன்.

எதை எடுப்பது

பட்டறை எப்படியும் கட்டாயம். போய் நன்றாகவே கற்றுக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தினால் தியேட்டர் மாறாது. ஒரு துறைத் தலைவரிடம் பணம் கொஞ்சம் இருந்தால், இரண்டு பேரை லாப்கோ மாதிரி வகுப்புக்கு அனுப்பி, திரும்பியதும் அவர்களையே மற்றவர்களின் கேஸ்களில் கவனிக்க வைக்கச் சொல்வேன். எல்லோரையும் நான்கு படி வகுப்புக்கு அனுப்புவதைவிட இது மேல். நான்கு படியை அந்த இருவரே ஒரு மதியத்தில் சொல்லித்தந்துவிடலாம்.

பணமே இல்லையென்றால், 2009-இல் அமெரிக்க சர்ஜன்கள் சிலர் முன்வைத்த எளிய முறை இருக்கிறது. கை கழுவும் இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் இன்றைய இலக்கைப் பேசுவது, ஆபரேஷனில் அந்த இலக்கை ஒட்டியே சொல்லித்தருவது, தோல் தைக்கும்போது எது சரி, எது திருந்த வேண்டும் என்று பேசி முடிப்பது. ஹெர்னியா பட்டியல் உள்ள நாளில் தொடங்குங்கள், எமர்ஜென்சி நாளில் வேண்டாம். ஆறு மாதம் கழித்து உங்கள் பி.ஜி.கள் தாங்கள் பங்கேற்ற ஆபரேஷன்களைப் பதியும் லாக் புக்கை வாங்கி, 'உதவினார்' என்ற பதிவுகள் எத்தனை, 'மேற்பார்வையில் செய்தார்' என்ற பதிவுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். முதல் முறை எண்ணியபோது எனக்கு வந்த கணக்கைப் பார்த்துத்தான், தயக்கத்தை விட்டுப் பக்கத்து யூனிட் சீஃபைக் கூப்பிட்டேன்.