பூ வண்டிக்கு வழி சொல்லும் செயலி: ஐந்து மாத அனுபவம்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், எங்கள் வீட்டுப் பேச்சில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான், மாலை கட்டி விற்கிறேன். வெள்ளிக்கிழமை விடியலில் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போய்ப் பூ வாங்கி வருவேன். ஈரத் துணியில் சுற்றி வைத்தாலும், வண்டி ஜாமில் ஒரு மணி நேரம் நின்றால் மல்லிகை மொட்டு வாய் திறந்துவிடும். அப்புறம் அது சாமி மாலைக்கு ஆகாது, உதிரியாகத்தான் போகும்.

தம்பி மகன் போனில் ஏற்றிக் கொடுத்த வழிகாட்டிச் செயலியை ஐந்து மாதமாகப் பயன்படுத்துகிறேன். கிள்ளான் பக்கம் இதற்கு முழு மதிப்பெண். ஒரு நாள் எட்டு மணிக்குத் திரும்பும்போது மேரு சாலை முழுக்கச் சிவப்பு. காப்பார் வழியாகப் போனால் 22 நிமிடம் மிச்சம் என்றது. காப்பார் சுற்று என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் திரும்பினேன். ஜெரம் தாண்டி வீடு வந்து துணியைப் பிரித்தால், மொட்டு மொட்டாகவே இருந்தது! மேரு வழியில் வந்த காய்கறிக் கடை அண்ணன், லோரி கவிழ்ந்து கிடந்ததாகப் பிறகு சொன்னார்.

சாலையில் நகரும் போன்களின் வேகத்தை வைத்துத்தான் இவை ஜாமைக் கண்டுபிடிக்கின்றன. ஆனால் நாம் அங்கே போய்ச் சேரும் நேரத்தில் நிலைமை எப்படி இருக்கும் என்றும் கணிக்க வேண்டுமே, அங்கேதான் செயற்கை நுண்ணறிவு வருகிறது. நான் வைத்திருப்பது வேறு செயலி; கூகுள் மேப்ஸும், கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டும் தங்கள் முறையை 2020-ல் விளக்கியிருந்தார்கள். அடுத்தடுத்த சாலைத் துண்டுகளைக் கொத்தாகச் சேர்த்து, ஒன்றில் நெரிசல் வந்தால் பக்கத்துத் துண்டு என்ன ஆகும் என்று கணினி கற்றுக்கொள்கிறது. சரத்தில் ஒரு பூவை இழுத்தால் அடுத்ததும் நகர்கிற மாதிரி. கொரோனாவில் சாலைகள் காலியானபோது, பழைய கணக்கைக் குறைத்து, கடைசி இரண்டு முதல் நான்கு வாரப் போக்குக்கு முன்னுரிமை கொடுத்தார்களாம்.

தோட்டத்துப் பக்கம் வந்தால் என் செயலி தடுமாறுகிறது. திருவிழாவுக்கு முதல் நாள், நல்ல மழை. ஈஜோக் பக்கம் வண்டிகள் நிற்க, செம்பனைத் தோட்டத்துக்குள் குறுக்கு வழி காட்டியது. லோரி உழுதுபோட்ட செம்மண், அதன் முடிவில் பூட்டிய கேட். பின்னால் எடுக்கும்போது சக்கரம் புதைந்தது. குலை ஏற்றிக்கொண்டிருந்த பையன்கள் தள்ளிவிட்டார்கள். நாற்பது நிமிடம் போச்சு, இரண்டு கிலோ மல்லிகையும் மலர்ந்துவிட்டது. அந்தச் சாலையில் போனோடு போகிறவர்கள் எத்தனை பேர்? ஜாம் தெரியாததால் நல்ல சாலை என்று எடுத்துக்கொள்கிறது போல. பூட்டு அதற்கு எங்கே தெரியப்போகிறது?

சாலை மூடியிருக்கிறது என்று செயலியிலேயே தகவல் அனுப்பினேன். மூன்று வாரமாகியும் அதே வழியைத்தான் காட்டுகிறது. கிள்ளானுக்கு இன்னமும் இதை நம்பித்தான் போகிறேன். திரும்பும்போது ஈஜோக் வந்ததும் அணைத்துவிடுகிறேன். அங்கே நெரிசல் என்றால், வண்டியை ஓரங்கட்டி, தோட்டத்துக் காவலர் அண்ணனுக்குப் போன் போட்டு கேட் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன்.