கடலைமிட்டாய்க் கடைக்கு ஒரு வெப்சைட்: வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கோவில்பட்டியில் எங்கள் தெரு அண்ணாச்சியின் கடலைமிட்டாய்க் கடைக்கு வேர்ட்பிரஸ் (சைட் கட்டும் மென்பொருள்), வூகாமர்ஸ் (அதில் ஆன்லைன் கடை வசதியைச் சேர்க்கும் பிளகின், அதாவது துணை நிரல்) போட்டு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். தொடங்கியது 2020-ல், நம் ஊர் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த வருடம். இன்றுவரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வருடக்கணக்கில் ஓடிய பிறகு எது நின்றது, எது பாரமானது என்று எழுதினால் இதேபோல் யோசிக்கும் கடைக்காரர்களுக்கு உதவும்.

உள்ளூர்க்காரர் கடைக்கே வந்துவிடுவார். இந்த சைட்டைத் திறக்கிறவர் பெரும்பாலும் எப்போதோ இந்தப் பக்கம் வந்து ஒரு பாக்கெட் வாங்கிப்போனவர். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு, உறையில் உள்ள பெயரைப் போட்டுத் தேடுகிறார். கிலோ என்ன விலை, எங்கள் ஊருக்கு அனுப்புவீர்களா, என்றைக்கு வந்து சேரும்? அவருக்கு வேண்டியது இந்த மூன்றும்தான். அதனால் தீமோடு (சைட்டின் ஆயத்தத் தோற்ற அமைப்பு) வந்த, படங்கள் மாறி மாறி ஓடும் ஸ்லைடரைத் தூக்கிவிட்டு, முதல் திரையிலேயே விலை, போன் நம்பர், வாட்ஸ்அப் பட்டன் மூன்றையும் வைத்தோம். அந்த அமைப்பை இதுவரை மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை.

வாட்ஸ்அப் பட்டனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த லிங்கிலேயே ஒரு வாசகத்தைச் சேர்த்துவிடலாம். எங்களுடையதை அழுத்தினால் "எனக்கு ... கிலோ வேண்டும். என் பின்கோடு ..." என்று தயாராக வந்து நிற்கும்; வாடிக்கையாளர் இரண்டு எண்களை நிரப்பினால் போதும். வெறும் "ஹாய்" என்று வருவதற்கும் இதற்கும் கல்லாவில் தனியாக இருக்கும் மனிதருக்கு எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? கூடையில் போட்டுப் பணம் கட்டும் வசதி இருந்தும் வயதானவர்கள் இந்த வழியில்தான் வருகிறார்கள்.

வூகாமர்ஸ் பற்றி. பொருள்களைச் சேர்ப்பது, விலை மாற்றுவது எல்லாம் சுலபம். வெல்லம் விலை ஏறினால் அண்ணாச்சியே போனில் திருத்திவிடுகிறார். கவனிக்க வேண்டிய இடம், கூரியர் கட்டணத்துக்காகப் பொருளின் எடையைப் போடும் கட்டம். ஒரு கிலோ மிட்டாய் அட்டைப்பெட்டியோடு சேர்ந்ததும் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். அரை கிலோ படியாகக் கட்டணம் போடும் கூரியரில் அது ஒன்றரைக் கிலோவாகத்தான் கணக்கு. சைட்டுக்குப் பெட்டி இருப்பது தெரியாது. நாம்தான் சேர்த்துப் போட வேண்டும். இதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி, "அப்போ நானூறு கிராம் பாக்கெட்டா ரெண்டு வைப்போம்" என்றார். இரண்டும் பெட்டியோடு ஒரு கிலோவுக்குள் அடங்கின. வெளியூர் பார்சலுக்கு இப்போது அதுதான் அளவு.

தமிழில் சைட் வைப்பவர்கள் தீம் வாங்கும் முன் தமிழ்த் தலைப்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பல தீம்கள் தலைப்பு வரிகளை நெருக்கி வைத்திருக்கும். மேல்வரி 'ழு'வின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். வரி இடைவெளியைக் கூட்டி, எழுத்து இடைவெளியைப் பூஜ்யமாக்கிய பிறகுதான் படிக்க முடிந்தது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், சாதாரணமும் தடித்ததும் மட்டும். பட்டன் சொற்களை லோகோ டிரான்ஸ்லேட் (Loco Translate) என்ற மொழிபெயர்ப்பு பிளகின் வழியாக நாமே எழுதிக்கொண்டோம். போட்டோக்களை அகலம் 1200 பிக்சலாகக் குறைத்து வெப்பி (WebP) என்ற சிறிய கோப்பு வடிவில் ஏற்றுகிறோம். போனில் எடுத்ததை அப்படியே போட்டால் ஒவ்வொன்றும் பல எம்பி இருக்கும், பஸ்ஸில் போகிறவரின் சிக்னலில் திறக்காது.

எரிச்சல் தருவது இரண்டு. ஒன்று பிளகின் அப்டேட். மாதம் ஒருநாள் உட்கார்ந்தே ஆக வேண்டும், அதற்கு முன் அப்டிராஃப்ட்பிளஸ் என்ற பிளகினில் சைட்டுக்கு ஒரு பேக்கப். இன்னொன்று ஹோஸ்டிங் கட்டணம், அதாவது சைட்டை வைத்திருக்கும் சர்வருக்கான வாடகை. முதல் வருடச் சலுகை முடிந்து புதுப்பிக்கும்போது நாங்கள் எடுத்த நிறுவனம் கேட்ட தொகை பல மடங்கு. வாங்கும் அன்றே புதுப்பிக்கும் விலையைக் கேளுங்கள். டொமைனை, அதாவது சைட்டின் முகவரியை, சைட் செய்து கொடுப்பவர் பெயரில் விடாதீர்கள். எங்களுடையது அண்ணாச்சியின் பெயரில், அவருடைய மெயிலில் இருக்கிறது. அதனால் ஹோஸ்டிங்கை வேறு இடத்துக்கு மாற்றியபோதும் முகவரி மாறவில்லை. கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு (கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரம் காட்டும் பக்கம்) இலவசமாகக் கிடைத்த சின்ன வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்தியது நினைவிருக்கும். அந்த முகவரியை உறையில் அச்சடித்தவர்கள் என்ன செய்வார்கள்?

உணவுப் பொருள் விற்பவர்கள் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணையும் நிகர எடையையும் எம்ஆர்பியையும் பக்கத்திலேயே காட்டுங்கள். புவிசார் குறியீட்டு முத்திரையை அங்கீகாரம் பெற்ற பயனர்களாகப் பதிவு செய்தவர்கள்தான் போடலாம். கோவில்பட்டியில் கடை இருந்தால் மட்டும் போதாது.

சரி, எல்லாருக்கும் பரிந்துரைப்பேனா? பார்சல் அனுப்புகிற கடைக்கு, மாதம் ஒருநாள் ஒதுக்க ஆள் இருந்தால், தாராளமாக. ஊருக்குள் மட்டும் விற்கிற டீக்கடைக்கும் டெய்லருக்கும் கூகுள் பிசினஸ் புரொஃபைலும் அதில் சரியான கடை நேரமும் நல்ல நாலு போட்டோவும் போதும். அதையே ஒழுங்காகப் புதுப்பித்து வைத்தால் இந்தச் செலவு தேவையில்லை.