விளாச்சேரியின் களிமண் சிப்பாய்கள்: கான்சாகிபு படை செட் பற்றிய மதிப்புரை

பொம்மைச் சிப்பாய் சேகரிப்பவர்கள் மதுரைப் பக்கம் அதிகமில்லை. இருக்கும் சிலரும் ஈயச் சிப்பாய்களை வெளிநாட்டு ஏலங்களிலும், பிளாஸ்டிக் சிப்பாய்களை இணையக் கடைகளிலும் எடுத்துக் காலம் தள்ளுகிறார்கள். அப்படியிருக்க, கொலு பொம்மைக்குப் பேர்போன விளாச்சேரியில் ஒரு குடும்பப் பட்டறை இந்த நவராத்திரிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சிப்பாய் அணியொன்றைக் களிமண்ணில் செய்து விற்கிறது. பட்டறையில் அதைக் 'கான்சாகிபு செட்' என்று அழைக்கிறார்கள். கல்யாண செட், கிராம செட், கிரிக்கெட் செட் வரிசையில் இதுவும் ஒன்று என்பது அவர்கள் கணக்கு. கொலுப்படிக்கு அது பொருந்துகிறதா என்பதைக் கொலு வைப்பவர்கள் சொல்லட்டும். பொம்மைச் சிப்பாய் என்ற அளவில் அது தேறுமா என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

செட்டில் பன்னிரண்டு சிப்பாய்கள், ஒரு சுபேதார் (இந்திய அதிகாரி), ஒரு வெள்ளைக்கார அதிகாரி, ஒரு கொடி தாங்குபவர், ஒரு டிரம் அடிப்பவர், ஒரு பீரங்கி, அதற்கு இரண்டு பீரங்கிக்காரர்கள் என்று இருக்கின்றன. ஆள் ஒவ்வொருவரும் நாலு இஞ்ச் உயரம். வண்ணம் பூசியது ரூ. 4,200, சுட்டு, வண்ணம் பூசாமல் கொடுப்பது ரூ. 2,200. உடைந்துபோனால் தனி ஆளாகவும் வாங்கிக்கொள்ளலாம், ஒருவர் ரூ. 220.

கான்சாகிபு என்று மக்கள் அழைத்த யூசுப் கானைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. ராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்து, கம்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தலைவராகி, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நிர்வகித்து, பிறகு ஆற்காட்டு நவாபுடனும் கம்பெனியுடனும் பகைத்துக்கொண்டவர் அவர். 1763இல் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டவர்கள் பிடிக்க முடியாமல் திரும்பினார்கள். 1764இல் மறுபடியும் வந்தார்கள். கடைசியில் உடனிருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுக்க, அந்த ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி மதுரையிலேயே தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது. சேகரிப்பவரின் பார்வையில் இந்தப் போரில் ஒரு வசதி உண்டு. கோட்டைக்கு உள்ளே நின்றவர்களில் பெரும்பகுதியும் கம்பெனி முறையில் பயிற்சி பெற்ற சிப்பாய்கள், வெளியே நின்றவர்களிலும் பெரும்பகுதி அதே பயிற்சி பெற்ற சிப்பாய்கள். ஆகவே ஒரே செட்டை இரண்டாக வாங்கி எதிரெதிரே நிறுத்தினால், வேறு அச்சு செய்யாமலே முற்றுகையின் இரு தரப்பும் கிடைத்துவிடும்.

இனி, பொம்மை எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்தச் செட்டின் நல்லதும் கெட்டதும் அதிலிருந்துதான் வருகின்றன. கண்மாய் மண்ணை ஊறவைத்து, கல்லும் வேரும் போக வடிகட்டி, மிதித்துப் பிசைந்து, முன்பாதி பின்பாதியாக உள்ள பிளாஸ்டர் அச்சுகளில் விரலால் அழுத்துகிறார்கள். பிளாஸ்டர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் சற்று நேரத்தில் மண் தானாகவே அச்சுச் சுவரை விட்டுக் கழன்றுகொள்ளும். இரண்டு பாதிகளின் விளிம்பிலும் மண்குழம்பைத் தடவிப் பொருத்தி, இணைப்புக்கோட்டை ஈரத்துணியால் வழித்து, முதலில் நிழலிலும் பிறகு வெயிலிலும் காயவைத்து, விறகும் வைக்கோலும் இட்ட சூளையில் சுடுகிறார்கள். உடம்புப் பகுதி உள்ளே வெறுமையாக இருக்க வேண்டும். கெட்டியான மண்கட்டிக்குள் தங்கிய ஈரம் சூட்டில் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் பொம்மையை வெடிக்க வைத்துவிடும்.

ஈயச் சிப்பாயும் உள்ளே வெற்றிடமானதுதான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார் உருக்கிய ஈயக்கலவையை அச்சில் ஊற்றி, வெளிப்புறம் மட்டும் இறுகியவுடன் அச்சைக் கவிழ்த்து நடுவிலிருப்பதை வெளியே கொட்டிவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். உலோகம் மிச்சமாயிற்று, எடை குறைந்தது, அதுவரை சந்தையை ஆண்ட ஜெர்மானியச் சிப்பாய்களைவிட மலிவாக விற்க முடிந்தது. அவர்கள் காசு மிச்சமாக வேண்டும் என்று உள்ளே வெற்றிடம் வைத்தார்கள். விளாச்சேரிக்காரர்கள் சூளையில் பொம்மை பிழைக்க வேண்டும் என்று வைக்கிறார்கள்.

அளவு விஷயத்தில் மண்ணுக்கென்று ஒரு கணக்கு உண்டு. காய்ந்து வெந்து முடிவதற்குள் களிமண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். பிரிட்டன்ஸ் சிப்பாய்களால் நிலைபெற்ற 54 மில்லிமீட்டர் அளவில் உள்ள ஈய ஆளை அப்படியே அச்செடுத்து மண்ணில் செய்தால், சூளையிலிருந்து வருபவர் 49 மில்லிமீட்டர்தான் இருப்பார். பழைய ஆட்களோடு நிறுத்தினால் சிறுவனைப் போலத் தெரிவார். இந்தப் பட்டறையில் மூலப் பொம்மையை நாலரை இஞ்ச்சுக்கு நெருக்கமாகச் செய்து, அதிலிருந்து அச்செடுத்திருக்கிறார்கள். அதனால் சராசரி உயரம் சரியாக நாலு இஞ்ச்சில் வந்து நிற்கிறது. ஆனாலும் சூளையில் நெருப்புக்கு அருகில் இருந்த ஆளுக்கும் ஓரத்தில் இருந்த ஆளுக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கிறது. உலோகச் சிப்பாயில் நான் இதைப் பொறுக்க மாட்டேன். இங்கே அது உறுத்தவில்லை. வரிசையில் நிற்பவர்கள் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இல்லாமல், பல ஊர்களிலிருந்து ஆளெடுத்த படையாகத் தெரிகிறார்கள்.

பட்டறையின் திறமை முழுவதும் துப்பாக்கியில் இருக்கிறது. அந்தக் காலத்துப் பிரவுன் பெஸ் துப்பாக்கி, பயனெட் (முனையில் மாட்டும் கத்தி) இல்லாமலே ஏறக்குறைய ஐந்தடி நீளம், அதாவது சிப்பாயின் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. நாலு இஞ்ச் பொம்மையில் அதன் குழாய் ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான் வர வேண்டும். அந்தக் கனத்தில் மண்ணை இழுத்தால், சூளைக்குப் போகும் முன்பே கையோடு வந்துவிடும். பட்டறையின் பெரியவர் என்னிடம் இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்: "சார், ஒல்லியா இருக்கறது எதையும் மண்ணு தாங்காது. ஒண்ணு ஒடம்போட ஒட்டணும், இல்லேன்னா கம்பிக்குப் போகணும்." அதன்படியே துப்பாக்கியின் அடிக்கட்டையும் குழாயின் கீழ்ப்பாதியும் சிப்பாயின் இடது கையோடும் தோளோடும் ஒட்டிய மண்புடைப்பாக வருகின்றன, தோளுக்கு மேலே போகும் குழாயும் பயனெட்டும் சுட்ட பிறகு செருகிய இரும்புக் கம்பி. கம்பி இறங்கும் துளையை மண் ஈரமாக இருக்கும்போதே தென்னங்குச்சியால் குத்தி வைத்துவிடுகிறார்கள். மண் முடிந்து கம்பி தொடங்கும் இடத்தில் ஒரு பித்தளை வளையம் வரைந்து மறைத்திருப்பதை உற்றுப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். உண்மைத் துப்பாக்கியிலும் அந்த இடத்துக்குப் பக்கத்தில் பித்தளைப் பூண்கள் உண்டு என்பதால், பழுதை மறைக்கப் போட்ட வேலை துல்லியத்தையும் கூட்டிவிட்டது.

அந்தப் பெரியவரின் விதியை எங்கெல்லாம் பின்பற்றினார்களோ அங்கெல்லாம் செட் தேறுகிறது. டிரம் அடிப்பவரின் கைகள் டிரம்மின் மேல் படிந்திருக்கின்றன, சுபேதாரின் வாள் உறைக்குள் தொடையோடு கிடக்கிறது. இரண்டுமே குறை சொல்ல முடியாதவை. படத்தைப் பார்த்து ஈயச் சிப்பாயின் நிலையை அப்படியே காப்பியடிக்க முயன்ற இடங்களில்தான் சறுக்கல். வெள்ளைக்கார அதிகாரி வாளை உயர்த்திக் கையை முழுவதும் நீட்டியிருக்கிறார்; என் செட்டில் அந்தக் கை மணிக்கட்டில் ஒடிந்து, பசை போட்டு ஒட்டப்பட்ட நிலையிலேயே வந்தது. சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள், வந்த மாற்றுப் பொம்மையிலும் அதே இடத்தில் நூலிழை விரிசல். அதிகாரியின் கையை மடக்கி, வாளைத் தோளில் சார்த்துவதுபோல அச்சை மாற்றாத வரை இந்த ஆள் எத்தனை முறை செய்தாலும் ஒடிவார்.

பீரங்கியும் சுமார்தான். குழாயைக் கெட்டி மண்ணாக உருட்டிச் செய்ததால் அடிப்பகுதியில் விரிசல் விட்டிருக்கிறது. சக்கரத்தில் ஆரக்கால்கள் வெட்ட மண் இடம் கொடுக்கவில்லை; தட்டையான வட்டத்தில் ஆரங்களை வண்ணத்தால் வரைந்து சமாளித்திருக்கிறார்கள். மதுரையில் கடைசல் வேலைக்குப் பஞ்சமில்லை. மரத்தில் ஒரு ஜோடி சக்கரம் கடைந்து மாட்டினால் செலவு அதிகம் ஏறாது.

வண்ணப் பூச்சு பற்றி இரண்டு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடுப்பில் பிழைகள் உண்டு. 1760களின் மதராஸ் சிப்பாய் சிவப்புச் சட்டையும், முழங்காலுக்கு மேல் நிற்கும் வெள்ளை அரைக்கால் உடுப்பும், தலைப்பாகையும் அணிந்தவர். இந்தச் செட்டில் எல்லோருக்கும் கணுக்கால் வரை நீண்ட வெள்ளைக் கால்சட்டை. அது பின்னாளைய உடை. மெலிந்த கால்கள் நிற்காது என்பதற்காக இப்படிச் செய்தார்களோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் கால்களுக்குப் பின்னால் ஒரு மண்மேட்டையும் வைத்திருக்கிறார்கள், ஆகவே வெறுங்காலாகவே விட்டிருக்கலாம். கொடியில் இன்னும் பெரிய பிழை. அதன் மூலையில் உள்ள யூனியன் கொடியில் வெள்ளைக் குறுக்குப் பட்டைகளின் மேல் சிவப்புக் குறுக்குப் பட்டைகளும் ஓடுகின்றன. அயர்லாந்துக்குரிய அந்தச் சிவப்பு சேர்ந்தது 1801இல். யூசுப் கான் தூக்கிலிடப்பட்டு முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து வந்த கொடியை அவர் காலத்துச் சிப்பாய் தூக்கிக்கொண்டு நிற்கிறார். வெள்ளை வண்ணத்தால் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம் என்றாலும், வரலாற்றுப் பெயரில் விற்கும் பொருளில் இது இருக்கக் கூடாது.

முகங்களோ வேறு சங்கதி. கொலு பொம்மைக்குக் கண் திறப்பதைக் கடைசி வேலையாக வைத்திருப்பார்கள், அதைப் பட்டறையில் ஒரு அக்காதான் செய்கிறார். மெல்லிய தூரிகையால் மேலிமைக்கு ஒரே இழுப்பு, கருவிழிக்கு ஒரு புள்ளி, அதற்குள் ஊசிமுனையளவு வெள்ளை. ஐரோப்பிய ஈயச் சிப்பாய்களுக்குக் கண் என்று வைப்பது பெரும்பாலும் இரண்டு கறுப்புப் புள்ளிகள்தான். ஒரு கை தூரத்தில் அது போதுமானதாகவும் இருக்கும். இங்கே பன்னிரண்டு பேரும் ஒரே அச்சில் வந்தவர்கள் என்றாலும், புருவத்தையும் மீசையையும் ஆளுக்கு ஆள் மாற்றியிருப்பதால் பன்னிரண்டு பேராகவே தெரிகிறார்கள். ஒருவருக்கு மேல்நோக்கி முறுக்கிய மீசை, இன்னொருவருக்கு அரும்பு மீசை, டிரம் அடிக்கும் பையனுக்கு மீசையே இல்லை. வெள்ளைக்கார அதிகாரிக்கு மட்டும் கல்யாண செட்டு மாப்பிள்ளையின் முகம் அப்படியே வந்துவிட்டது. சிரிப்பாக இருந்தாலும் அதை நான் மாற்றச் சொல்லவில்லை.

ஈயத்தோடு ஒப்பிட்டால் மண்ணுக்கு உள்ள சாதகங்களையும் சொல்ல வேண்டும். பழைய ஈயச் சிப்பாய்களை ஓக் மரம், சிலவகை ஒட்டுப்பலகை போன்றவற்றால் செய்த மூடிய அலமாரியில் வைத்தால், அந்த மரத்திலிருந்து கசியும் அமிலக் காற்றுப் பட்டு ஈயம் சாம்பல் பூத்து உதிரத் தொடங்கும். சேகரிப்பவர்கள் பயப்படும் நோய் அது. சுட்ட மண்ணுக்கு அந்தக் கவலை கிடையாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஈயம் ஆபத்தானது. பிரிட்டன்ஸ் நிறுவனமே 1966இல் ஈயச் சிப்பாய் செய்வதை விட்டது. மண் பொம்மையில் விஷயம் அதன் மேல் பூசும் வண்ணத்தோடு நிற்கிறது. ஆனால் பிள்ளைகள் போர் விளையாட்டு விளையாடுவதற்கு இந்தச் செட் உதவாது. கீழே விழுந்தால் போயிற்று, கம்பி பயனெட்டும் குத்தும். இது நிறுத்திப் பார்ப்பதற்கான படை.

வண்ணம் பூசிய செட்டில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சட்டையின் சிவப்புக்கு மேல் வார்னிஷ் இருக்கிறது, பீடத்தின் பச்சைக்கு மேல் இல்லை. ஈரக் கையால் தொட்டால் விரலில் பச்சை ஒட்டுகிறது. வீட்டில் தூரிகை பிடிக்கத் தெரிந்தவர்கள் வண்ணம் பூசாத செட்டை வாங்கி, உடுப்பைச் சரியான காலத்துக்கு மாற்றிப் பூசிக்கொண்டு, முகத்தை மட்டும் பட்டறையிலேயே எழுதித் தரச் சொல்லலாம். கேட்டால் செய்து தருகிறார்கள், ஆளுக்கு இருபது ரூபாய் கூடுதல்.

வாங்க நினைப்பவர்கள் பருவத்தைப் பார்த்துப் போக வேண்டும். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய வாரங்களில் பட்டறையில் நிற்க இடமிருக்காது; கொலு முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் தொடங்கிவிடும், அப்போது சூளை முழுவதும் ஒட்டகங்களும் மேய்ப்பர்களும்தான். தை, மாசியில் போனால் நின்று பேசுவார்கள், தனி ஆர்டரும் எடுப்பார்கள். அப்படி எடுக்கச் சொல்பவர்கள் உயரத்தைச் சுட்ட பின் இருக்க வேண்டிய அளவாக எழுதிக் கொடுத்து, பாதி முன்பணம் தந்துவிட்டு வரலாம். கூரியரில் அனுப்பச் சொல்ல வேண்டாம், வைக்கோல் வைத்துக் கட்டினாலும் பயனெட் கம்பிகள் வளைந்துவிடுகின்றன. நேரில் போய், சிப்பாய்களைத் தனியாகவும் கம்பிகளைத் தனியாகவும் வாங்கி வந்து வீட்டில் செருகிக்கொள்வதே நல்லது. அடுத்ததாக வளரி என்ற வளைந்த எறிகருவியும் வேலும் ஏந்திய பாளையக்காரர் படையைச் செய்யப் போவதாகச் சொன்னார்கள். வளரியை வீசும் நிலையில் வைக்காமல் இடுப்பில் செருகியபடி வைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.